மண்ணும் நீரும் காற்றும்தான்: எண்ணூர் காட்டும் கணக்கு

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பேச்சாளர்களே, எங்கள் அணித் தோழர்களே, ஷிஃப்ட் முடிந்த கையோடு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் திருவொற்றியூர், எண்ணூர், மணலி, தண்டையார்பேட்டை மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

"நாளைய சமுதாயத்தை முடிவு செய்யப் போவது பொருளும் மின்சாரமுமா, மண்ணும் நீரும் காற்றுமா?" இதுதான் ஐயா கொடுத்திருக்கும் தலைப்பு. மண்ணும் நீரும் காற்றும்தான் என்று வாதாட வந்திருக்கிறோம்.

எதிரணித் தலைவர் அண்ணன் அடுக்கிக்கொண்டே போனார். கரண்ட் இருந்தால் ஆலை ஓடும், ஆலை ஓடினால் வேலை கிடைக்கும், வேலை இருந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும், வயிறு நிறைந்தவன்தான் மரம் நடுவான் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். 2008-லிருந்து நாலைந்து வருடம் தமிழ்நாடு மின்வெட்டில் தவித்ததை இந்தக் கூட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வியாசர்பாடி லேத் பட்டறையில் மோட்டார் நின்றால் அன்றைய கூலி போயிற்று. மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எங்கள் அணியில் ஒருவரும் இல்லை.

ஆனால் அண்ணன் அடுக்கிய வரிசையில் ஒன்று விட்டுப்போயிற்று. உலையில் ஊற்றும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அதை அவர் சொல்லவில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆரணி ஆற்றுக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் நடுவே மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் பூமிக்கடியில் மணல் படுகை உண்டு. அள்ள அள்ள நல்ல தண்ணீர் கொடுத்த படுகை. விவசாயமும் அதிலிருந்து எடுத்தது, சென்னை நகரமும் எடுத்தது, மணலித் தொழிற்சாலைகளுக்கும் அங்கே தோண்டிய கிணறுகளிலிருந்து குழாய் போனது. 1969-லேயே மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறுவது தெரிந்துவிட்டது. தெரிந்தும் மோட்டார் ஓடியது. உப்பு கரையைத் தாண்டி, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்நாட்டுக்குள் நுழைந்தது.

அது எப்படி ஏறுகிறது என்பதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1 கிலோ. ஒரு லிட்டர் கடல்நீர் 1.025 கிலோ. இந்த 25 கிராம் வித்தியாசத்தால்தான் கடலோரத்தில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது, உப்புத் தண்ணீர் அடியில் கிடக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நின்றால், அந்த எடை உப்பு நீரை ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு அமுக்கி வைத்திருக்கும். திருப்பிப் பாருங்கள். நாம் மோட்டார் போட்டு அந்த மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 மீட்டர் மேலே ஏறப் பார்க்கும். கிணற்றுக்காரருக்கு மேலே ஒரு மீட்டர் இறக்கம்தான் கண்ணுக்குத் தெரியும். அடியில் நடப்பது தெரியாது. தெரிய வரும்போது கிணறு கரித்துப் போயிருக்கும். ஒரு பெருமழை பெய்தால் கழுவிப் போகிற உப்பும் இல்லை அது. களிமண் துகளில் சோடியம் ஒட்டிக்கொள்ளும், வெளியேறப் பல பத்தாண்டு பிடிக்கும்.

சரி, தண்ணீர் போயிற்று. பொருளாதாரம் என்ன செய்தது? பணம் போட்டது. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. மீஞ்சூர் ஆலை என்கிறோமே, அதுதான். நாளுக்கு 10 கோடி லிட்டர். அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் கடல்நீரை இழுக்க வேண்டும், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 60 மடங்கு (60 பார்) அழுத்தத்தில் சவ்வு வழியே தள்ள வேண்டும், மிச்சமாகும் இரட்டை உப்புத் தண்ணீரைத் திரும்பக் கடலில் விட வேண்டும். 1,000 லிட்டர் குடிநீருக்கு 3.5 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். மீஞ்சூர் மணல் படுகையில் 20 மீட்டர் ஆழத்தில் இருந்த அதே 1,000 லிட்டரை மேலே ஏற்ற சுமாரான மோட்டாருக்கு 0.1 யூனிட்தான் ஆகும். முப்பத்தைந்து மடங்கு ஐயா!

இந்தக் கணக்கை இன்னும் ஒரு படி இழுத்துப் பாருங்கள். 10 கோடி லிட்டருக்கு நாளுக்குச் சுமார் 4 லட்சம் யூனிட். நிலக்கரியில் அந்த மின்சாரத்தை எடுத்தால் 260 டன் நிலக்கரி எரிய வேண்டும். அதில் 90 டன் சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலை எங்கே கொட்டுகிறோம்? எந்த ஆற்றின் படுகை உப்பேறியதால் இந்த ஆலை வந்ததோ, அதே கொசஸ்தலை ஆற்றின் வாயில்! நீர் கெட்டது. அதைச் சரிக்கட்டப் பொருளும் மின்சாரமும் வேலைக்கு வந்து நின்றன. அந்த வேலை இன்னும் கொஞ்சம் நீரைக் கெடுத்தது. இதில் யார் முதலாளி, யார் வேலைக்காரர் என்பதை நடுவர் ஐயா குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து எதிரணித் தங்கை பேசினார். பொறியியல் படித்தவர், நன்றாகவே பேசினார். "இன்றைய அனல்மின் நிலையம் அந்தக் காலத்துப் புகைக்கூண்டு கிடையாது, எல்லாவற்றுக்கும் வடிகட்டி இருக்கிறது" என்றார். இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்த வடிகட்டிக்குள் போய்ப் பார்ப்போம்.

வடசென்னையில் இன்று நிற்பது எவ்வளவு? 450 மெகாவாட் பழைய எண்ணூர் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630, இரண்டாம் கட்டம் 1,200, 2024-ல் வந்த மூன்றாம் கட்டம் 800. பக்கத்திலேயே வல்லூரில் 1,500. மொத்தம் 4,130 மெகாவாட். ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கத்தில் வெட்டிய கரி பாரதீப்பில் கப்பலேறி, காமராஜர் துறைமுகத்தில் இறங்கி, கன்வேயரில் ஏறி இங்கே வருகிறது.

ஒரே ஒரு 500 மெகாவாட் அலகை, அதாவது ஒரு கொதிகலனும் அதோடு சேர்ந்த மின்னாக்கியும் கொண்ட ஒரு தொகுதியை, எடுத்துக்கொள்கிறேன். 24 மணி நேரம் முழு வீச்சில் ஓடினால் 1 கோடியே 20 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 650 கிராம் கரி என்று வைத்தால் 7,800 டன், அதாவது சரக்கு ரயில் இரண்டு. நம் நாட்டுக் கரியில் நூற்றுக்கு 35 பங்கு சாம்பல் சாதாரணம். ஆக நாளுக்கு 2,700 டன் சாம்பல். அதில் ஐந்தில் ஒரு பங்கு கொதிகலனின் அடியில் கட்டியாக விழும். மற்ற நான்கு பங்கு, சுமார் 2,200 டன், புகையோடு மேலே பறக்கும். இதைப் பிடிக்கத்தான் தங்கை சொன்ன வடிகட்டி. ஊழியர்கள் இ.எஸ்.பி. என்பார்கள். உயர் மின்னழுத்தத்தில் துகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, தகட்டில் ஒட்டவைத்து, சுத்தியலால் தட்டி, கீழே உள்ள தொட்டியில் விழவைக்கும் கருவி.

ஒழுங்காக ஓடினால் 99.9 சதவீதம் பிடிக்கும். அப்படிப் பிடித்த பின்னும் நாளுக்கு 2.2 டன் வெளியே போகும். கீழே உள்ள தொட்டியை நேரத்துக்குக் காலி செய்யாவிட்டால் என்ன ஆகும்? சாம்பல் குவிந்து மேலே ஏறி மின்முனையைத் தொடும். ஷார்ட் ஆகி அந்த வரிசை செத்துப்போகும். ஒன்றிரண்டு வரிசை இப்படிப் போய், பிடிமானம் 99.9-லிருந்து 99-க்கு இறங்கினால் ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை என்று அறிக்கை எழுதலாம். ஆனால் வெளியே போகும் சாம்பல் 2.2 டன்னிலிருந்து 22 டன்னாகிவிடும். பத்து மடங்கு! இன்னொன்றும் உண்டு. நம் கரியில் கந்தகம் குறைவு என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கந்தகம் குறைந்தால் சாம்பல் துகளின் மின்தடை ஏறும், அதைத் தகட்டில் பிடிப்பது கடினமாகும். எனவே நம் ஊருக்கு இ.எஸ்.பி. இன்னும் பெரிதாக, இன்னும் கவனமாகப் பராமரிக்கப்பட வேண்டும். கவனம் குறைந்த ராத்திரிக்கு மறுநாள் காலை எர்ணாவூர் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியே சாட்சி சொல்லும்.

கந்தகம் குறைவு என்றாலும் எவ்வளவு? அரை சதவீதம் என்று வையுங்கள். 7,800 டன் கரியில் 39 டன் கந்தகம். எரிந்தால் 78 டன் கந்தக டை ஆக்ஸைடு, ஒரு அலகிலிருந்து, ஒரு நாளில். அது காற்றில் ஈரத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து நுண்துகளாகி நுரையீரலின் அடிவரை போகும். பிடிக்க வழி இருக்கிறது. சுண்ணாம்புக்கல் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் புகையின் மேல் தூவ வேண்டும். 78 டன் வாயுவுக்குச் சுமார் 120 டன் சுண்ணாம்புக்கல் போதும், 210 டன் ஜிப்சம் கிடைக்கும், சிமென்ட் ஆலை வாங்கிக்கொள்ளும். 2015 டிசம்பரில் மத்திய அரசு இதற்கு விதி போட்டு இரண்டு வருடத்தில் முடிக்கச் சொன்னது. கெடு தள்ளிப்போய், தள்ளிப்போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்துக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு 2027 முடிய கெடு இருக்கிறது. செலவு அதிகம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. யார் செலவு? சுண்ணாம்புக்கல் வாங்கினால் நிலையத்தின் கணக்கில் எழுதுவார்கள். இன்ஹேலர் வாங்கினால் எழுத எந்தக் கணக்கும் இல்லை, மருந்துக் கடையில் நின்று நாம்தான் கொடுக்கிறோம்.

இப்போது ஆற்றுக்கு வருகிறேன். வடசென்னையில் இதைப் பற்றிப் பேசாமல் போனால் பேச்சே வீண்.

பறக்கும் சாம்பலை உலர்ந்தபடியே சிலோ என்னும் உயரமான சேமிப்புத் தொட்டியில் சேர்த்து, மூடிய பல்கர் லாரியில் சிமென்ட் ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் அனுப்ப வேண்டும். ஒரு அலகுக்கே நாளுக்கு எழுபது, எண்பது லாரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் கட்டட வேலை படுத்துவிடும். லாரி வராது. சிலோ நிறையும். நிறைந்தால் அந்த உலர் சாம்பலையும் தண்ணீரில் கலக்கிச் சாம்பல் குளத்துக்குத்தான் தள்ள வேண்டும். மழையால் குளமே விளிம்புவரை நிற்கும் நேரத்தில்தான் இது நடக்கும். அடியில் விழும் கட்டிச் சாம்பலோ எப்போதும் அரைத்து, பல மடங்கு தண்ணீரில் கரைத்து, இரும்புக் குழாயில் ஆற்றையும் உப்பங்கழியையும் தாண்டித்தான் போகிறது.

அந்தக் குழாயைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சாம்பலில் பாதிக்கு மேல் சிலிக்கா, மணல் சாதி. கனமான துகள் குழாயின் அடிப்பக்கமாக உரசிக்கொண்டே ஓடும். எனவே குழாய் சுற்றிலும் சமமாகத் தேயாது, சைக்கிள் டயர் தரையில் படும் இடம் மாதிரி அடிப்பக்கம் மட்டும் மெலியும். குழாயைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு சுற்று திருப்பிவைத்தால் ஆயுள் கூடும். வளைவுகளில் உள்ளே பசால்ட் என்னும் கடினமான எரிமலைக் கல் பூச்சுள்ள குழாய் போட வேண்டும், ஏனென்றால் வளைவுதான் முதலில் ஓட்டையாகும். சதுப்பில் நிற்கும் தாங்கு தூண் கொஞ்சம் உட்கார்ந்தாலும் இணைப்பு விலகும். இதெல்லாம் குழாய் போட்டவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும்.

தெரிந்தும் ஏன் ஒழுகுகிறது? அலகை ஒரு மணி நேரம் நிறுத்தினால் 5 லட்சம் யூனிட் போகும். யூனிட் ஐந்து ரூபாய் என்றால் 25 லட்சம் ரூபாய். குழாய் ஒழுகுவதற்கு மீட்டர் இல்லை. நிறுத்துவதற்கு விலை இருக்கிறது, ஒழுகவிடுவதற்கு விலை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் எந்தப் பொறியாளரும், எவ்வளவு நல்லவரானாலும், "ஓட்டிக்கொண்டே ஒட்டுப்போடலாம்" என்றுதான் முடிவெடுப்பார். மனிதரைக் குறை சொல்லிப் பயனில்லை. விலைப்பட்டியலில் ஆறு இல்லை, அவ்வளவுதான். 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு எண்ணூரில் கொட்டிய சாம்பலுக்கு மின் கழகம் பொறுப்பேற்று ஆற்றை மீட்க வேண்டும் என்று சொல்ல வேண்டி வந்தது இதனால்தான்.

ஆற்றின் அடியில் சாம்பல் படிந்தால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஏற்றநீரோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, உப்பங்கழிச் சேற்றில் சில மாதம் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். காசிமேட்டில் விடியற்காலை ஏலம் போகும் இறாலுக்குத் தொட்டில் எண்ணூரும் பழவேற்காடும்தான். முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் ஆற்று மீனவர் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அந்த ஆற்றில் வலையே இல்லாமல் இறால் பிடிக்கும் இருளர் மக்கள் இருக்கிறார்கள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலை அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். கைதான் கருவி. சேறு மெத்தென்று இருந்தால்தான் இறால் அதில் புதையும், கையும் இறங்கும். மேலே சாம்பல் படிந்து இறுகினால் இறால் புதைய இடமில்லை. இப்போது அதற்கும் மேலே காக்கா ஆழி. தென் அமெரிக்கக் கடலோரத்து மட்டி இனம், கப்பல்கள் எடைக்காக ஏற்றி வந்து துறைமுகத்தில் கொட்டும் தண்ணீரில் வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படுவது. தரையெல்லாம் விரிப்பாகப் படர்ந்து, தடவும் கையைக் கிழிக்கிறது.

அனல்மின் நிலையம் குளிரூட்டியபின் விடும் சூடான நீர் வேறு. தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சூடேறினால் அது தாங்கும் ஆக்ஸிஜன் பத்தில் ஒரு பங்கு குறையும். சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடும், தண்ணீரில் காற்று குறையும். மீன் சாகும் வரை காத்திருக்காது, போய்விடும். மடவை போயிற்று, கொடுவா போயிற்று என்று குப்பத்தில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் இறங்கியது. படகு, வலை, வீட்டுச் சுவர், எல்லாம் கறுப்பு. நைலான் வலையில் கச்சா எண்ணெய் ஏறினால் மண்ணெண்ணெயில் கழுவினாலும் பழைய நிலைக்கு வராது. அலையாத்தி மரத்துக்குச் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் மூச்சு வேர் உண்டு. அதன் துளையில் எண்ணெய் பூசினால் மரத்துக்கு மூச்சு அடைக்கும். அரசு கொடுத்த நிவாரணம் 8 கோடியே 68 லட்சம் ரூபாய்: 2,301 மீனவக் குடும்பத்துக்குத் தலா 12,500, 787 படகுக்குத் தலா 10,000, பாதிக்கப்பட்ட 6,700 குடும்பத்துக்குத் தலா 7,500. அண்ணன் சொன்ன பொருளாதாரம் கணக்குப் பார்த்துக் கொடுத்த தொகை இது. இதில் மரத்துக்கு எவ்வளவு, அடுத்த வருட இறாலுக்கு எவ்வளவு என்று ஒரு வரி காட்ட முடியுமா அண்ணே?

கரையைப் பற்றி இரண்டே வார்த்தை. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். நம் கடலில் மணல் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் தடுத்த மணல் தெற்கே சேர்ந்து மெரினாவாக அகலமானது. வரவேண்டிய மணல் வராததால் ராயபுரத்திலிருந்து வடக்கே கரை அரிக்கத் தொடங்கியது. நாம் இன்று எண்ணூர் விரைவுச் சாலையோரம் பார்க்கும் கருங்கல் குவியல் அந்த 150 வருடத்துக்கு முந்தைய முடிவுக்கு இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் வட்டி. துறைமுகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தத் துறைமுகத்தால் எந்தக் குப்பம் இருக்கும், எந்தக் குப்பம் போகும் என்பதை முடிவு செய்தது மணல். துறைமுகத்தின் வரவு செலவு அதை முடிவு செய்யவில்லை.

எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் தம்பி சூரிய மின்சாரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். "எரிசக்தி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், காற்றாலையும் சோலாரும் வந்தாயிற்று, நீங்கள் பழைய கதை பேசுகிறீர்கள்" என்றார். வரட்டும் தம்பி, சீக்கிரம் வரட்டும். 3 கிலோவாட் கூரைத் தகட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, சென்னை வெயிலில் நாளுக்கு 12 யூனிட் தேறும். நல்ல திட்டம்.

அதை எண்ணூரில் மாட்டிப் பாருங்கள். இராத்திரி சாம்பலும் தூசியும் தகட்டின் மேல் படியும், விடியற்காலைப் பனியில் நனைந்து பசையாகப் பிடிக்கும், வெயில் ஏறியதும் காயும். வாரம் ஒருமுறை கழுவாமல் விட்டால் பத்து, பதினைந்து சதவீத மின்சாரம் அப்படியே போகும். ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்தால் சிலிக்கா கண்ணாடியைக் கீறும், எனவே முதலில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி ஊறவிட வேண்டும். அந்தத் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளை வெள்ளையாகக் கறை பிடிக்கும். நல்ல தண்ணீர் எங்கே? மீஞ்சூரில்தான் தொலைத்துவிட்டோமே! கடற்காற்றுக்குச் சாதாரண இரும்புச் சட்டம் இரண்டு மூன்று வருடத்தில் துருப்பிடிக்கும், 80 மைக்ரான் துத்தநாகம் பூசிய சட்டமும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் கேட்டு வாங்க வேண்டும். சுத்தமான எரிசக்தி என்று தம்பி சொல்வதும் காற்று சுத்தமாக இருந்தால்தான் முழுசாகக் கிடைக்கிறது.

தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஏன் மே மாதம்? வெயில். ஏ.சி. ஏன் அத்தனை ஏ.சி.? மரமில்லாத தெரு, மூடிய ஏரி, காற்று நுழையாத கான்கிரீட். தேவையைக் கூட்டுவதும் சுற்றுச்சூழல்தான். ஆனி, ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிக் காற்றாலை சுற்றுவதும், ஐப்பசியில் சுற்றாமல் நிற்பதும் அதுதான். பருவம் முடிவு செய்கிறது, மின்வாரியம் அதற்கேற்ப அட்டவணை போடுகிறது.

அண்ணன் கடைசியாகக் கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. "ஆலையை மூடினால் இந்தப் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவார்?" என்றார். 1996-ல் பி அண்ட் சி துணி மில் மூடியபோது பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் எத்தனை அடுப்பு அணைந்தது என்பது இந்தக் கூட்டத்துக்குத் தெரியும். அந்த வலியை வைத்துப் பேசும்போது நாங்கள் எதிர்த்துப் பேச மாட்டோம். ஆலை ஓடட்டும். எப்படி ஓடட்டும் என்பதற்கு இந்த வடசென்னையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

மீஞ்சூர்க் கிணறு உப்பேறி, கோடைக்குக் கோடை தண்ணீர் லாரி பின்னால் நகரமே ஓடிய பிறகு, மணலி ஆலைகளுக்கு வேறு வழி பார்க்க வேண்டி வந்தது. 2019-ல் கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரிக்கும் ஆலை வந்தது. நம் வீட்டுச் சாக்கடைத் தண்ணீரை முதலில் உயிரியல் முறையில் சுத்திகரித்து, அதன்பின் நுண்வடிகட்டியில் விட்டு, அதற்கும் பிறகு எதிர்ச் சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் செலுத்தி, நாளுக்கு 4 கோடியே 50 லட்சம் லிட்டர் மணலிக்கும் எண்ணூருக்கும் குழாயில் அனுப்புகிறார்கள். சாக்கடையில் உப்பு கடலைவிடப் பல மடங்கு குறைவு, எனவே அழுத்தமும் குறைவு, மின்சாரமும் குறைவு. ஆலை மூடவில்லை. ஒருவர் வேலையும் போகவில்லை. குடிநீரில் அவ்வளவு மிச்சம். இந்த மாற்றத்தைச் செய்யச் சொன்னது லாப நஷ்டக் கணக்கா? அந்தக் கணக்கு முப்பது, நாற்பது வருடம் கிணற்றுத் தண்ணீரே மலிவு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. கிணறு கரித்த பிறகுதான் குழாய் மாறியது.

ஆற்றுக்கும் இதே மாதிரி செய்ய முடியும் ஐயா, விதியும் எழுதியாயிற்று. 2021 டிசம்பர் 31 அன்று வந்த சாம்பல் அறிவிக்கை, பயன்படுத்தாத சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்கிறது. வடசென்னை நிலையங்கள் முழு வீச்சில் ஓடாத நாளிலும், வெளிநாட்டுக் கரி கலந்து எரித்தாலும், குறைத்துக் குறைத்துக் கணக்குப் போட்டாலும் நாளுக்குப் பத்தாயிரம் டன் சாம்பல் தேறும். பயன்படுத்தாமல் விடும் ஒவ்வொரு டன்னுக்கும் எழுதியபடி வசூலித்தால், குழாயைத் திருப்பிவைப்பதும், சிலோவைப் பெரிதாகக் கட்டுவதும், மழைக்காலத்துக்கு முன்னாலேயே லாரி ஒப்பந்தம் போடுவதும்தான் மலிவு என்று நிலையத்தின் கணக்கரே சொல்லிவிடுவார். அடியில் விழும் சாம்பலை நீர் குறைத்துக் கெட்டியாக அனுப்பும் முறை வந்து வெகுகாலம் ஆயிற்று. அதற்கு மாறினால் ஆற்றைத் தாண்டும் தண்ணீரும் குறையும், உடைந்தால் சிந்துவதும் குறையும். விதி இருந்தால் மட்டும் போதாது, ஆற்றின் இடமும் காகிதத்தில் இருக்க வேண்டும். 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் நீர்நிலையாக இருக்கிறது, பின்னால் சுற்றில் வந்த வரைபடத்தில் அது இல்லை. வெள்ளம் எந்த வரைபடத்தைப் பார்த்து வருகிறது என்பதை 2015-லும் 2021-லும் 2023-லும் மணலி புதுநகர் வீடுகளில் நின்ற தண்ணீர் காட்டிவிட்டது.

எங்கள் அணி வைக்கும் சான்றுகள் இவை. தீர்ப்பு நடுவர் ஐயா கையில். நன்றி, வணக்கம்.